பெர்த்துக்குப் புதிதாக வருகிறீர்களா? சிட்னி வழியாக டிக்கெட் போடாதீர்கள்

மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் பெர்த் நகரில் வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: "சென்னையிலிருந்து சிட்னிக்கு டிக்கெட் மலிவாக இருக்கிறது. அங்கே இறங்கி உள்நாட்டு விமானத்தில் வந்துவிடலாமா? ஒரே நாடுதானே?" தயவுசெய்து வேண்டாம்.

சிட்னிக்கும் பெர்த்துக்கும் வான்வழித் தூரம் சுமார் 3,280 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லி போவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெர்த்துக்கு வர சிட்னியிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும், சிங்கப்பூரிலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சிங்கப்பூரில் மாறி நேராக பெர்த் வரலாம் என்றிருக்க, அங்கிருந்து எட்டு மணி நேரம் பறந்து சிட்னி போய், பிறகு மேற்கே ஐந்து மணி நேரம் திரும்பி வருவானேன்?

முதன்முறை அம்மா அப்பாவை வரவழைத்தபோது நான் இந்தத் தப்பைச் செய்தேன். ஆஸ்திரேலியாவில் முதலில் இறங்கிய இடம் என்பதால் சிட்னியிலேயே குடிவரவு, சுங்கம் எல்லாம் முடித்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, சற்றுத் தள்ளியிருக்கும் உள்நாட்டு முனையத்துக்குப் போக வேண்டியிருந்தது. தனித்தனி டிக்கெட் என்பதால் அங்கே அனுமதித்த எடை குறைவு, கூடுதலுக்குப் பணம் கட்டினோம். பெர்த்தில் இறங்கியபோது அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது. மிச்சம் பிடித்த காசை நினைக்கவே மனசு வரவில்லை.

சரி, வேலை விஷயமாக இரு ஊருக்கும் போய்வர வேண்டியவர்களுக்கு. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பெர்த் கடிகாரம் சிட்னியைவிட இரண்டு மணி நேரம் பின்னால். அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை மூன்று மணி நேரம், ஏனென்றால் கோடையில் சிட்னி கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், பெர்த்தில் அந்தப் பழக்கம் இல்லை. ஜூலையில் சிட்னியில் காலை 9-க்குக் கிளம்பினால் பெர்த்தில் நண்பகல் வாக்கில் இறங்கலாம். திரும்பும்போது மேல்காற்று மேற்கிலிருந்து தள்ளுவதால் பயணம் நாலேகால் மணி நேரம்போலத்தான், ஆனாலும் மதியம் 1-க்கு ஏறினால் சிட்னியில் இரவு ஏழேகால். அன்று மாலை அங்கே யாரையும் பார்ப்பதாக ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு மாதிரி, விமானங்களுக்குக் கட்டுப்பாடு. அதனால் பெர்த்திலிருந்து இரவு விமானம் பிடித்தால் விடிந்தபிறகுதான் இறங்குவீர்கள், தூக்கம் மூன்று மணி நேரம் தேறினால் அதிகம். காலை நேர்காணல் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள்.

அப்புறம் ஒன்று. சிட்னி நண்பர் வீட்டிலிருந்து திரும்பும்போது பழம், காய்கறி, தேன், செடி எதையும் பெர்த்துக்குக் கொண்டுவராதீர்கள். உள்நாட்டுப் பயணம்தான் என்றாலும் மேற்கு ஆஸ்திரேலியா தன் விவசாயத்தைக் காக்க வாசலிலேயே சோதிக்கிறது. தெரியாமல் எடுத்து வந்துவிட்டால், வெளியே வரும் வழியில் இருக்கும் தொட்டியில் போட்டுவிடுங்கள், அல்லது அதிகாரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.