1910கால விமானத் தொகுப்பு: கண்ணாடி நெகட்டிவ், நைட்ரேட் பிலிம், புளூபிரிண்ட் – எதை முதலில் தொடுவது?

பரணறை (கேள்வி)

வணக்கம். சென்னையில் ஒரு சிறிய நூலகத்துக்கு மூன்று டிரங்குப் பெட்டி வந்திருக்கிறது. 1909 முதல் 1914 வரை விமானம் தொடர்பாக ஒருவர் சேர்த்து வைத்தவை. 5×7 அங்குலக் கண்ணாடி நெகட்டிவ் 62 (நான்கு உடைந்தவை, சிலவற்றில் எமல்ஷன், அதாவது படம் பதிந்த ஜெலட்டின் பூச்சு, ஓரத்தில் உரிகிறது), ஒரு பிஸ்கட் டின் நிறைய பிலிம் நெகட்டிவ், புளூபிரிண்ட் 11, குண்டூசி குத்திய கடிதங்கள் 200 போல, 1911 அலகாபாத் விமான அஞ்சல் உறை ஒன்று. ஏசி பகலில் மட்டும்தான் ஓடும். பணம் அதிகம் இல்லை.

எதை முதலில் கவனிப்பது? பட்டர் பேப்பர் கவரும் அந்துருண்டையும் போதுமா? எக்செல்லில் படம், கடிதம், வரைபடம் என்று வகைவாரியாகப் பிரித்துப் பதிந்துவிடலாமா?

கரையான்_விரோதி

முதலில் அந்த பிஸ்கட் டின். அந்தக் காலத்து வளையும் பிலிம் எதுவானாலும், வேறு என்று நிரூபணம் ஆகும்வரை எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை என்றே வையுங்கள். நுனியைக் கொளுத்திச் சோதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். மூடிய டின்னுக்குள் அது விடும் அமில வாயு வெளியேற வழியில்லாமல் பிலிமையே அரிக்கும். வெளியே கசிந்தால் பக்கத்திலுள்ள காகிதத்தையும் மற்றப் படங்களின் வெள்ளிப் படிமத்தையும் கெடுக்கும். நன்றாகச் சிதைந்த நைட்ரேட், 41 டிகிரி சூட்டில் நாள்கணக்கில் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். சென்னைக் கத்திரியில் மொட்டைமாடி அறை அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும்.

ஜன்னல் திறந்த அறையில் நைட்ரைல் கையுறையோடு டின்னைத் திறந்து, தனித்தனிக் காகித உறையில் போட்டு, மற்ற பொருட்கள் இல்லாத அறைக்கு மாற்றுங்கள். மஞ்சளித்து இன்னும் வளைகிறவை ஒரு குவியல். ஒட்டிக்கொண்டவை, கொப்புளம் விட்டவை, பழுப்புத் தூளானவை இன்னொரு குவியல். முதல் குவியலை ஸ்கேன் செய்து, இரண்டு ஜிப் பைக்குள் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அறைச்சூட்டில் விடவேண்டும், இல்லாவிட்டால் ஈரம் பிலிம் மேலேயே படியும்.

அந்துருண்டை வேண்டாம். வேப்பிலையும் பெட்டிக்குள் வேண்டாம், காயக் காய ஈரம் விடும். பட்டர் பேப்பரும் நாளானால் அமிலமாகி மொறுமொறுத்துப் போகும்.

எமல்ஷன்_பக்கம்

கண்ணாடிக்கு வருகிறேன். பருத்திக் கையுறை வழுக்கும், நைட்ரைலே போடுங்கள். பளபளப்பில்லாத பக்கம்தான் எமல்ஷன். அதைத் துடைக்கக்கூடாது, உரிந்திருந்தால் ஊதவும் கூடாது. மறுபக்கத்தை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சால், நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்தித் துடைக்கலாம். ஓரத்தில் ஈரம் ஏறினால் எமல்ஷன் அடியிலிருந்து தூக்கிக்கொள்ளும்.

உறை, நான்கு மடிப்புக் காகிதமாக இருக்கட்டும். பசை ஒட்டிய தையல் கோடு உள்ள கவரில் போட்டால் சில வருடங்களில் அதே கோடு படத்தில் கறையாக இறங்கும். எண்ணை வெற்று உறையின் மேல் பென்சிலில் எழுதிவிட்டுப் பிறகு தகட்டை (கண்ணாடி நெகட்டிவை) உள்ளே வையுங்கள். தகட்டோடு எழுதினால் அழுத்தம் நேராக எமல்ஷனில் விழும். நீளமான ஓரம் கீழே வரும்படி நிற்க வைக்கவேண்டும், ஐந்துக்கு ஒரு கெட்டி அட்டை. இந்த அளவுத் தகடு ஒன்று ஏறக்குறைய 85 கிராம், பெட்டிக்கு 20க்கு மேல் அடுக்காதீர்கள். உடைந்த நான்கையும் துண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் அட்டைக் குழிக்குள் படுக்கவைத்து, பெட்டி மேல் ‘உடைந்தது, சாய்க்காதே’ என்று எழுதிவிடுங்கள்.

ஏசியைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவதுதான் உரிதலை வளர்க்கிறது. ஈரப்பதம் ஏறி இறங்கும்போது ஜெலட்டின் உப்பிச் சுருங்கும், கண்ணாடி அசையாது. பாலிபுரொப்பிலீன் மூடி டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் மலிவான வழி. ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்ற கணக்கு உண்டு, ஆனால் அது 40 சதவீத ஈரப்பதத்துக்குப் பழக்கிய ஜெல்லுக்கு. அடுப்பில் காயவைத்ததை அதே அளவில் போட்டால் உள்ளே 30க்குக் கீழே போய், மிச்ச எமல்ஷனும் வற்றிச் செதிலாகும். 30 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராமில் தொடங்கி, உள்ளே சின்ன ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) வைத்து, 40 வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஈரம் என்ன செய்யும் என்பதற்கு ரைட் சகோதரர்களின் தகடுகளே சாட்சி. 1913 மார்ச்சில் அவர்களுடைய ஊரான அமெரிக்காவின் டேட்டனில் வந்த வெள்ளத்தில் அவை சேற்று நீரில் கிடந்தன. 1903 டிசம்பர் 17இன் முதல் பறப்புப் படத்திலும் ஒரு மூலையில் எமல்ஷன் போய்விட்டது. அந்தக் குறையை இன்றும் மறைக்காமல்தான் காட்டுகிறார்கள். நீங்களும் ஸ்கேனில் ஓரத்தை வெட்டாதீர்கள். தகட்டு ஓரத்தில் கீறிய எண்ணும் விரல்தடமும் ஆவணம்தான்.

அடுக்குமுறை

வகைவாரியாகப் பிரிக்கலாமா என்றால், அலமாரியில் ஆம், பட்டியலில் கூடாது. புளூபிரிண்டும் நைட்ரேட்டும் வெவ்வேறு இடத்தில்தான் இருக்கவேண்டும். ஆனால் எந்தப் பெட்டியில், எந்தக் கட்டில், எதற்கு அடுத்து இருந்தது என்பதைக் கையை வைக்கும் முன் போட்டோ எடுத்து எழுதிவிடுங்கள். ஒரு கடிதத்தோடு மடித்து வைத்த வரைபடத்தைப் பிரித்துவிட்டால், அது எந்த இயந்திரத்துக்கு வரைந்தது என்று பிறகு யாராலும் சொல்லமுடியாமல் போகலாம்.

தொகுப்பு, தொடர், கோப்பு, உருப்படி என்று மேலிருந்து இறங்குங்கள். சர்வதேச ஆவண விவரிப்பு விதிப்படி கட்டாயம் ஆறுதான்: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரிப்பு மட்டம் (தொகுப்பா, தொடரா, கோப்பா, உருப்படியா). எக்செல்லில் இந்த ஆறோடு ‘பழைய இடம்’, ‘இப்போதைய இடம்’, ‘நிலை’ என மூன்று பத்தி. பின்னாளில் ஆட்டம் (AtoM) என்ற இலவச ஆவணப் பட்டியல் மென்பொருளுக்கு ஏற்றிக்கொள்ளலாம். ‘இப்போதைய இடம்’ பத்தியை அலட்சியம் செய்யாதீர்கள். ரைட் சகோதரர்களின் காப்புரிமைக் கோப்பு 1980 வாக்கில் கண்ணில் படாமல் போய், 2016இல்தான் கன்சாஸ் சுண்ணாம்புக்கல் சுரங்கக் கிடங்கில் தவறான பெட்டியிலிருந்து கிடைத்தது. திருட்டு இல்லை, இடம் மாறி வைத்ததுதான்.

தலைப்பில் இருப்பதை உள்ளபடியே எழுதுங்கள், திருத்தத்தைக் குறிப்பில் போடுங்கள். முதல் பறப்பு அன்று வீட்டுக்குப் போன தந்தியில் ‘57 வினாடி’ என்று இருக்கிறது, உண்மையில் 59. அனுப்பியவர் பெயரே ‘ஓரெவெல்’ என்று பிழையாக விழுந்திருக்கிறது. தந்தியைத் திருத்தினால் அது வேறு தந்தி. இடப்பெயரும் அப்படித்தான், எல்லோரும் கிட்டி ஹாக் என்பார்கள், பறந்தது அதற்குத் தெற்கே கில் டெவில் ஹில்ஸில்.

தேதியில்லாத படத்துக்கு இயந்திரமே துப்பு. ரைட் சகோதரர்களின் 1902 கிளைடரில் முதலில் அசையாத இரட்டை வால்தகடு, அக்டோபரில் அசையும் ஒற்றைத் தகடாக மாற்றினார்கள். ரைட் விமானத்தில் முன்பக்க எலிவேட்டர் (ஏற்ற இறக்கத் தகடு) இல்லாமல் சக்கரமும் இருந்தால் அது மாடல் பி வகை, 1910க்கு முன் எடுத்திருக்க வழியில்லை. இப்படி ஊகித்த தேதியைச் சதுர அடைப்புக்குள் போட்டு, காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள்.

பரணறை

நன்றி. மூன்று சந்தேகம். ஒரு தகட்டு உறையில் ‘டி ஏஞ்சலி, தீவுத்திடல்’ என்று பென்சிலில் இருக்கிறது, பெயரை எப்படிப் பதிவது? அஞ்சல் உறையை லேமினேட் செய்யலாமா? குண்டூசி துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது.

அடுக்குமுறை

1910இல் மதராஸில் விமானம் கட்டிய ஹோட்டல்காரர் ஜியாகோமோ டி’ஏஞ்சலிஸாக இருக்கலாம். எழுதியிருப்பதை மேற்கோளில் அப்படியே வையுங்கள். ஒரே ஒரு நிலைப்பெயரை முடிவுசெய்து, மற்ற எழுத்துக்கூட்டல்களை ‘வேறு பெயர்’ பத்தியில் சேருங்கள். படத்தில் இருப்பவர் அவர்தானா என்பது தனிக் கேள்வி, உறையை மட்டும் நம்பாதீர்கள். உறைகள் மாறும்.

கரையான்_விரோதி

லேமினேஷன் கூடவே கூடாது, சூடும் பசையும் திரும்ப எடுக்கமுடியாதவை. 1911 பிப்ரவரி 18 முத்திரை மெஜந்தா மையில் இருக்கும், ஈரம் பட்டால் பரவும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் உறையில் போடுங்கள், பிவிசி ஆல்பம் வேண்டாம்.

புளூபிரிண்ட்டை, ‘அமிலமற்றது’ என்று விற்கும் சுண்ணாம்பு கலந்த காகிதத்தில் வைக்காதீர்கள். காரம் அந்த நீலத்தைத் தின்னும். காரம் சேர்க்காத நடுநிலைக் காகிதம், இருட்டு, இரண்டும் போதும்.

குண்டூசியை இழுக்காதீர்கள். ஊசிக்கும் காகிதத்துக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் துண்டை முன்னும் பின்னும் செருகி, துரு அதன் மேல் உதிரும்படி ஊசியை மெல்ல அசைத்து, குத்திய வழியாகவே பின்னோக்கி எடுங்கள்.

எமல்ஷன்_பக்கம்

ஸ்கேன்: கண்ணாடிப் பக்கம் கீழே, எமல்ஷன் மேலே, மூடியை அழுத்தாமல். 1200 பிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி), 16 பிட் சாம்பல், டிஃப் (TIFF) கோப்பு. ஒரு தகட்டுக்கு 100 எம்பி வரும், 62க்கும் சேர்த்து 6 ஜிபிதான். இப்படி வைத்தால் படம் நேராகவே வரும், எமல்ஷன் கீழே இருந்தால்தான் இடவலமாக மாறும், அப்போது திருப்புங்கள். சந்தேகம் வந்தால் முதல் பறப்புப் படத்தையே அளவுகோலாக வையுங்கள், அதில் வில்பர் வலப்பக்கம் நிற்கவேண்டும். உங்கள் தகடுகளில் கடைப் பலகை, கொடி, சட்டைப் பொத்தான் ஏதாவது கிடைக்கும்.