மட்டாஞ்சேரியில் ஒரு சேலம்

சேலத்துக்காரர் எழுதியது:

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருவுக்குள் போனபோது 'ஏ. பி. சேலம் ரோடு' என்ற பலகையைப் பார்த்தேன். நம்ம ஊர்ப் பேர் இங்கே எப்படி வந்தது என்று மசாலாக் கடைப் பெரியவரிடம் கேட்டேன். "ஊரல்ல மோனே, ஆளாணு. வக்கீல் சேலம்" என்றார்.

ஆபிரகாம் பாரக் சேலம் 1882இல் பிறந்தவர். சென்னைக்கு வந்து படித்து வக்கீலானவர். அப்படிப்பட்டவருக்கு, 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில் பெஞ்சில் உட்கார அனுமதி இல்லை. (பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்கள். வெள்ளை யூதர் என்றும் சொல்வார்கள்.) அவருடைய முன்னோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள் என்பதுதான் காரணம். அவர்களுக்கு 'மெஷுக்ராரிம்' என்று பேர். தரையிலோ முன்கூடத்திலோதான் உட்கார வேண்டும். யூத வேதமான தோராவை வாசிக்க அழைக்க மாட்டார்கள். செத்தால் புதைக்கும் இடமும் வேறு.

இன்று அங்கே போகிற எல்லோரும் குனிந்து தரையைத்தான் பார்க்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை. ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்றார்கள். எனக்கு அந்தத் தரையில் உட்கார வைக்கப்பட்டவர்களின் நினைப்பாகவே இருந்தது. சின்ன வயதில் எங்கள் கிராமத்து டீக்கடையில் தனி டம்ளர் பார்த்து வளர்ந்தவன் நான். ஸ்பெயினில் துரத்தப்பட்டு, கொச்சி ராஜா கொடுத்த இடத்தில் நிம்மதியாக வாழ்ந்தவர்களும் தங்களுக்குள் இப்படி ஒரு கோடு போட்டார்கள் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

சேலம் காந்தி வழியில் போனார். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தவர், சத்தியாக்கிரகத்தைத் தன் ஆலயத்துக்கே கொண்டுவந்தார். மறுக்கப்பட்ட இடத்தில் போய் உட்கார்ந்தார். 'யூத காந்தி' என்ற பேர் அதனால் வந்தது. வழக்கம் ஒரே நாளில் மாறவில்லை, மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1950இல் அவர் மகன் வெள்ளை யூதர் வீட்டுப் பெண்ணை மணந்தபோதுகூடக் கடும் எதிர்ப்பு.

நாகர்கோவில் தமிழாசிரியை எழுதியது:

தம்பி, ஆலயத்தில் செப்பேட்டைக் கவனித்தீர்களா? சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000இல் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து. அச்சிட்ட பாடத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் முக்கால்வாசி நம் தமிழ்தான். பகல் விளக்கு, பாவாடை, குடை, பறை, தோரணம் என்று 72 உரிமைகள், 'உலகும் சந்திரனும் உள்ளளவும்'. இங்கே பாவாடை என்றால் நடக்கும்போது காலடியில் விரிக்கும் துணி. இந்த ரப்பானின் வழி வந்தவர்கள் நாங்கள்தான் என்று பழைய மலபார் யூதர்களும் சொன்னார்கள், பிறகு வந்த பரதேசிகளும் சொன்னார்கள். ராஜா நடக்கத் துணி விரிக்கச் சொன்னார், இவர்கள் உட்காரப் பெஞ்சு தரவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இஸ்ரேலின் பீர்ஷெபாவில் ஆய்வு செய்தவர் எழுதியது:

நான் இருந்த ஊருக்குப் பக்கத்தில் நெவாதிம் என்று ஒரு கிராமம். 1954இல் கொச்சி யூதர்கள் நெகேவ் பாலைவனத்தில் குடியேறிய இடம். ஒரு பாட்டி வீட்டில் மீன்குழம்பு போட்டார்கள். பாட்டி பேசிய மலையாளம் நம் காதுக்குப் பாதி தமிழாகக் கேட்டது. யானைக்கால் நோயைக் காரணம் காட்டி, கொச்சிக்காரர்கள் வருவதை அதிகாரிகள் முதலில் தாமதப்படுத்தினார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கனத்தது. பிறகு பெண்கள் நோட்டில் எழுதிவைத்துத் தலைமுறையாகப் பாடிவந்த மலையாளப் பாட்டு ஒன்று பாடினார். சேலம் பேரைச் சொன்னேன். "எங்களுக்காகப் பேசினார், ஆனா அவர் வரல" என்றார். உண்மைதான், 1967இல் இறக்கும்வரை சேலம் கொச்சியில்தான் இருந்தார்.

பாட்டியின் பேரனும் அவன் தோழியும் சாப்பிட்டு முடிக்கும்வரை வாதாடினார்கள். ஐரோப்பாவில் கதவுகள் மூடப்பட்டபோது சொந்த நாடு இல்லாமல் போனதால்தான் அத்தனை பேர் செத்தார்கள், எனவே யூத நாடு கட்டாயம் என்றான் அவன். அவள் 1925இல் தொடங்கிய பிரித் ஷாலோமைச் சொன்னாள். யூதரும் அரபியரும் சம உரிமையோடு ஒரே நாட்டில் வாழலாம் என்று பேசிய சிறு குழு அது. ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி, அரசு அங்கீகரிக்காத பெதூயின் (பாலைவன அரபியர்) கிராமங்களுக்கு இன்னும் மின்கம்பி வரவில்லையே என்று கேட்டாள். இருவர் சொன்னதும் எனக்கு நியாயமாகப் பட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

மும்பைவாசி எழுதியது:

என் பக்கத்து வீட்டார் பெனே இஸ்ரயேல், மராத்தி பேசும் யூதர்கள். இஸ்ரேலுக்குப் போன அவர்கள் சொந்தக்காரர்கள் கல்யாணம் செய்யப் போனால், 1962இல் வந்த ஒரு உத்தரவால், பூர்வீகத்தை விசாரித்தார்களாம். போராடினார்கள். 1964இல் இவர்களும் முழு யூதர்களே என்று இஸ்ரேல் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அந்த வீட்டுப் பாட்டி தேதி மறந்தாலும் அந்த வருஷத்தை மறக்க மாட்டார்.

சேலத்துக்காரர் எழுதியது:

அக்கா, செப்பேட்டைக் கண்ணாடிக்குள் பார்த்தேன், படிக்கத் தெரியவில்லை. உங்கள் பாடத்தை அனுப்புங்கள். அடுத்த மாதம் கேரளத்துச் சேந்தமங்கலம் போகிறேன். அங்கே ஆலயத்துக்கு முன்னால் 1269ஆம் ஆண்டுக் கல்லறைக்கல் நிற்கிறது. அதில் 'சாரா பத் இஸ்ரயேல்' என்ற பேர், இஸ்ரயேலின் மகள் சாரா. அந்தக் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வர வேண்டும்.