தரங்கம்பாடி போய் வந்தாச்சு (புதுப்பிப்பு)

தர்மபுரியிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடி போகலாமா, அவ்வளவு தூரம் அலைவதற்குத் தகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். தாராளமாகப் போகலாம்.

சேலம் வழியாக மயிலாடுதுறை, அப்புறம் பஸ். நீங்கள் எல்லோரும் சொன்ன டேன்ஸ்போர்க் கோட்டை, 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கியது, அழகுதான். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது ஊர் நுழைவாயில். 1792-இல் கட்டியதாம். அதே வருஷம்தான் நம்ம பாராமகால் (தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு அன்றைய பெயர்) திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது, இங்கே ஆட்சி மாறிக்கொண்டிருந்தபோது அங்கே டேனிஷ் ராஜா பெயரில் வாசல் எழும்பியிருக்கிறது என்று நினைத்தபோது சிலிர்த்துவிட்டது.

புதிய எருசலேம் ஆலயத்தைத் தவறவிடாதீர்கள். 1718-இல் கட்டியது, முகப்பில் கிரீடமும் அதன்கீழ் டேனிஷ் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்கின் பெயரெழுத்துகளும் பின்னிக் கிடக்கும். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு உள்ளேதான் அடக்கமாகியிருக்கிறார். அம்மா அங்கே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலையும் பாருங்கள், பழைய கோயிலில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பெரியவர்களோடு போகிறவர்கள் வெயில் ஏறும் முன்பே கோட்டையை முடித்துவிடுங்கள்.