மாமரத்தைத் தறிக்காமல் வீடு கட்ட வேண்டும்

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் 3 பரப்புக் (சுமார் 30 பேர்ச்) காணி. நட்டநடுவில் பழைய கறுத்தக்கொழும்பான் மாமரம், வடகிழக்கு மூலையில் கிணறு. கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல். கார்த்திகை மழைக்குத் தெற்குப் பக்கம் வெள்ளம் நிற்கும். தளத்தை உயர்த்தினால் அது சரி.

முதல் பிளானில் மரமே இல்லை! பிறகு மரத்தைச் சுற்றி, நாலு பக்கமும் வீடு வரும் நாற்சார் முற்றம் வைத்துப் பார்த்தோம், ஒரு பக்க அத்திவாரம் வேர்மேல் வருகிறது. வீட்டைக் கிழக்கே தள்ளினால் மலசலகூடக் குழி கிணற்றை நெருங்குகிறது. இந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் அழுக்குநீர் நேரே கிணற்றுக்குத்தான் போகும், அதில் விட்டுக்கொடுக்க ஏலாது. மேற்கே தள்ள இடமில்லை. மேசன் மரத்தைத் தறிக்கச் சொல்கிறார். தையில் வேலை தொடங்க வேண்டும்.

தொடர் அத்திவாரத்துக்குப் பதிலாகத் தூண் போட்டு, வேருக்கு மேலால் பீம் கொண்டுபோனவர்கள், தூணை அடிமரத்திலிருந்து எத்தனை அடி தள்ளி வைத்தீர்கள்?