மெஸ்ஸோவாக அரங்கேறிய குரல் சொப்ரானோ ஆனது எப்படி? உக்ரைனியப் பாடகி சொலோமியா குருஷெல்னித்ஸ்காவின் பயிற்சி குறித்து ஓர் ஐயம்

தேவகோட்டை இசையாசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தேவகோட்டையில் வீட்டிலேயே முப்பது ஆண்டுகளாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என்னிடம் கற்கும் சிறுமி ஒருத்தியின் அக்கா, உக்ரைனில் தெர்னோப்பில் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்து, 2022இல் போர் தொடங்கியதும் ஊர் திரும்பியவர். தங்கையை அழைத்துப்போக வந்த ஒருநாள், திண்ணையில் உட்கார்ந்து வகுப்பு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தாம் படித்த ஊரில் ஆபெரா என்னும் மேலை இசைநாடகத்தில் பாடிய ஒரு பாடகியின் பெயரால் கலைக் கல்லூரியே இருப்பதாகச் சொன்னார். சொலோமியா குருஷெல்னித்ஸ்கா என்பது அப்பெயர். அன்றிரவே யூடியூபில் அவருடைய பழைய இசைத்தட்டுப் பதிவுகள் சிலவற்றைக் கேட்டேன். தட்டின் இரைச்சலையும் மீறி அந்தக் குரல் ஒரு கம்பி இழுத்தாற்போல் நேராக வந்து நின்றது.

அவரைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி புரியாமல் என்னைப் பிடித்துக்கொண்டது. முறையாகப் பயின்று, மெஸ்ஸோ சொப்ரானோ என்ற நடுத்தரப் பெண்குரல் வகையில் அரங்கேறி, பாராட்டும் பெற்ற பிறகு, இத்தாலியில் வேறோர் ஆசிரியர் கேட்டுவிட்டு அவருடைய குரல் சொப்ரானோ, அதாவது உயர்ந்த பெண்குரல், என்று கூறியதாகவும், அதன்பின் அவர் மறுபடி பயின்றதாகவும் படித்தேன். நம் வழக்கில் ஒரு பெண்ணுக்கு ஐந்து கட்டை எட்டவில்லையென்றால் நாலரைக்கு இறக்கிச் சுருதிப் பெட்டியைத் திருகிவிடுவோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அங்கே மட்டும் இது ஏன் ஒருவருடைய வாழ்க்கையையே திருப்பும் செய்தியாக இருக்கிறது? முதல் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது தவறா? இரண்டாயிரம் பேர் அமரும் அரங்கில் ஒலிபெருக்கி இல்லாமல் பாடுவதற்கு எவ்வகைச் சாதகம் செய்கிறார்கள்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

காரைக்குடி இசைத்தட்டுச் சேகரிப்பாளர்:

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இசைத்தட்டுகளைத் தேடித் திரிபவன் நான். குருஷெல்னித்ஸ்காவின் தட்டு ஒன்றும் இதுவரை என் கைக்கு எட்டவில்லை. இருப்பினும் அவர் வரலாற்றில் எனக்குப் பல ஆண்டு ஈடுபாடு உண்டு.

அவர் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், அன்று ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் கலீசியா மாநிலத்தைச் சேர்ந்திருந்த பிலியாவின்த்சி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் பாதிரியார். அத்திருச்சபையில் பாதிரியார்கள் மணம் செய்துகொண்டு குடும்பத்தோடு வாழ்வது வழக்கமாதலால், வீடும் கோவிலும் பாடற்குழுவும் ஒன்றாகவே இருந்த சூழலில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பின்னர் குடும்பம் தெர்னோப்பிலை ஒட்டிய பிலா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது; நகரின் பாடற்குழுவில் சொலோமியாவும் சேர்ந்து பாடினார். ஒரு பாதிரியாரின் மகள் மற்றொரு பாதிரியாருக்கு வாழ்க்கைப்படுவதே எதிர்பார்க்கப்பட்ட அந்தக் காலத்தில், அவர் வந்த வரனை வேண்டாமென்று சொல்லிவிட்டு இசை கற்கப் போனார் என்பதையும், ஊர் பேசியபோது தந்தை மகள் பக்கம் நின்றார் என்பதையும் நான் முதன்மையாகக் கருதுகிறேன். நம் பக்கத்தில் அதே காலத்தில் ஒரு குடும்பத்துப் பெண் மேடையேறப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1891இல் லிவிவ் நகரின் இசைக் கல்லூரியில் வலேரி விசோத்ஸ்கி என்பவரிடம் சேர்ந்தார். இந்த ஆசிரியர் மிலானில் ஃபிரான்செஸ்கோ லாம்பெர்த்தி என்னும் புகழ்பெற்ற குரலாசானிடம் பயின்றவர். ஆகவே இத்தாலியப் பாடமுறை சொலோமியாவுக்கு இத்தாலிக்குப் போகும் முன்பே கிடைத்துவிட்டது. 1893இல் தோனிசெத்தியின் ‘லா ஃபவோரித்தா’ ஆபெராவில் லெயொனோரா என்னும் மெஸ்ஸோ பாத்திரத்தில் லிவிவில் அரங்கேறினார். அவ்வாண்டே லிவிவுக்கு வந்து அவரைக் கேட்ட இத்தாலியப் பாடகி ஜெம்மா பெல்லின்சோனி, இக்குரல் மிலானில் பயில வேண்டியது என்று அறிவுறுத்த, அங்கே ஃபவுஸ்தா கிரெஸ்பி என்னும் ஆசிரியையிடம் சேர்ந்தார். சொப்ரானோ என்று முடிவு சொன்னவர் இந்தக் கிரெஸ்பிதான். அப்போது சொலோமியாவுக்கு வயது 21.

குரல்வகையைப் பற்றி நான் பேசுவதைவிட, முறையாகக் கற்றவர்கள் பேசுவது நல்லது.

பள்ளத்தூர் வாசகி:

சென்னையில் ஒரு சேர்ந்திசைக் குழுவில் ஆறு ஆண்டுகள் பாடியவள் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்; ஆபெரா மேடையில் நான் ஏறியதில்லை.

ஆச்சி கேட்ட முதல் கேள்விக்கு விடை சுருதிப் பெட்டியிலேயே இருக்கிறது. நம் கச்சேரியில் பாடுபவரே சுருதியைத் தீர்மானிக்கிறார்; வயலினும் மிருதங்கமும் தம்பூராவும் அவருக்காகச் சேர்க்கப்படுகின்றன. ஆபெராவில் ஒவ்வொரு சுரத்தின் உயரத்தையும் இசையமைப்பாளர் தாளில் எழுதிவைத்துவிடுகிறார். மேடைக்கு முன்னால் தாழ்வான குழியில் அறுபது எழுபது கருவிகள் அந்தத் தாளைப் பார்த்து வாசிக்கும்போது, இன்று எனக்குத் தொண்டை சரியில்லை, அரைக் கட்டை குறைத்துக்கொள்ளுங்கள் என்று பாடகி கேட்க இயலாது. எனவே குரல் எந்த வகையோ, அந்த வகைக்கு எழுதப்பட்ட பாத்திரங்கள் மட்டுமே அவருக்கு உரியவை. மெஸ்ஸோ என்று முடிவானால் பெரும்பாலும் எதிர்நாயகி, தாய், தோழி. சொப்ரானோ என்றால் நாயகி. வகை மாறினால் கற்ற பாடாந்தரம் பெரும்பகுதி கைவிட்டுப் போகும்.

வகையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் நுட்பமானது. மேலே எந்தச் சுரம் வரை எட்டுகிறது என்பதைக் கொண்டு மட்டும் அதைச் சொல்வதில்லை. குரல் களைப்பின்றி நீண்ட நேரம் தங்கியிருக்கக்கூடிய இடம் எது, கீழ்க்குரலிலிருந்து மேற்குரலுக்கு மாறும் அந்த வாசற்படி எந்தச் சுரத்தில் வருகிறது, குரலின் நிறம் என்ன என்று மூன்றையும் சேர்த்துக் கேட்பார்கள். இளம்வயதில் கனமும் இருண்ட நிறமும் உள்ள சொப்ரானோ குரல், மேல்ஸ்தாயி இன்னும் திறவாத நிலையில், மெஸ்ஸோ போலவே ஒலிக்கும். ஆகையால் விசோத்ஸ்கி தவறினார் என்று நான் சொல்லமாட்டேன். இருபது வயதுக் குரலை அவசரப்பட்டு மேலே ஏற்றிக் கெடுப்பதைக் காட்டிலும், நடுஸ்தாயியில் வைத்து உறுதிப்படுத்தியவர் நல்ல ஆசிரியரே. கிரெஸ்பி அதன்மேல் கட்டினார்.

சாதகத்தைப் பற்றி: அவர்களுடைய மூச்சுப் பயிற்சிக்கு ‘அப்பொஜ்ஜோ’ என்று பெயர். சாய்ந்து நிற்றல், தாங்குதல் என்று பொருள் கொள்ளலாம். மூச்சை இழுத்ததும் விலா எலும்புகள் விரிந்திருக்கும் அல்லவா, பாடும்போதும் அவற்றை உடனே சரியவிடாமல் வைத்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதே அதன் சாரம். உள்ளங்கையை விலாவின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மறுபடி மெலிய வைத்து முடிக்க வேண்டும்; கை உள்ளே போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. நம் அகார சாதகத்தில் கார்வை பிடிப்பதற்கு இது அண்டை வீடு. ஆனால் கமகத்துக்கு அங்கே இடமில்லை. சுரத்தின் மேல் சீரான மெல்லிய அதிர்வு மட்டும் இருக்கும்.

ஒலிபெருக்கி இல்லாமல் கேட்பதற்குக் காரணம் கத்துவதன்று. இசைக்குழுவின் ஒலியாற்றல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டியே குவிந்திருக்கும்; மேலே போகப்போகக் குறையும். பயிற்சி பெற்ற ஆண்குரலும் தாழ்ந்த பெண்குரலும் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு தனிப் பொலிவைச் சேர்த்துக்கொள்கின்றன. கருவிகள் ஓய்ந்திருக்கும் அந்த இடைவெளியின் வழியாகக் குரல் வெளியே வந்துவிடுகிறது. உயர்ந்த சொப்ரானோவுக்கு வேறு வழி: சுரம் ஏற ஏறத் தாடையைத் திறந்து, வாயறையின் ஒத்ததிர்வைப் பாடும் சுரத்தோடு பொருத்திக்கொள்கிறார்கள். உச்சியில் பாடும்போது ‘இ’யும் ‘உ’வும் ‘ஆ’ போலவே கேட்பது அதனால்தான். சொல் தெளிவு கெடுகிறதே என்று நாம் வருந்துவோம். தமிழில் பதம் பிரித்துப் பாடாவிட்டால் எங்கள் ஆயா எழுந்து உள்ளே போய்விடுவார்.

கோட்டையூர் ரசிகர்:

நல்ல செய்திகள். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனி ‘மதாமா பட்டர்ஃபிளை’ ஆபெராவை இவருக்காகவே எழுதினார் என்றும், இவரே முதலில் அதைப் பாடினார் என்றும் எங்கோ படித்த நினைவு. அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காரைக்குடி இசைத்தட்டுச் சேகரிப்பாளர்:

அன்பரே, அது சரியன்று. உண்மை அதைவிடச் சுவையானது. 1904 பிப்ரவரி 17 அன்று மிலானின் லா ஸ்காலா அரங்கில் அந்த ஆபெரா முதன்முதலாக மேடையேறியபோது நாயகியாகப் பாடியவர் ரொசினா ஸ்தோர்க்கியோ. கூச்சலும் ஏளனமுமாக அந்த இரவு முடிந்தது. புச்சீனி அந்த ஒரே இரவோடு படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மிக நீளமாக இருந்த இரண்டாம் அங்கத்தைப் பிரித்து, வேறு திருத்தங்களும் செய்து, மே 28 அன்று பிரெஷ்சா நகரில் மறுபடி மேடையேற்றினார். அங்கே நாயகி நம் குருஷெல்னித்ஸ்கா. நாயகனும் இசைக்குழுவை நடத்தியவரும் மிலானில் இருந்தவர்களே. பிரெஷ்சாவில் அது பெருவெற்றி பெற்று, இன்றுவரை உலகெங்கும் நடந்து வருகிறது. அவ்வெற்றியில் திருத்தத்தின் பங்கு பாதி, பாடகியின் பங்கு பாதி என்பது என் கணிப்பு. தோற்றுப்போன படைப்பைத் தோளில் ஏற்றுக்கொள்ள அந்த வயதில் எல்லோரும் துணியமாட்டார்கள்.

1906இல் லா ஸ்காலாவில் தொஸ்கானினி இசைக்குழுவை நடத்திய ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘சலோமி’யிலும், 1909இல் ‘எலெக்த்ரா’விலும் அவரே நாயகி. வாக்னரின் கனமான பாத்திரங்களையும் பாடினார். இருபத்தொரு வயதில் கிரெஸ்பி கேட்ட குரலின் பயணம் இவ்வளவு தூரம். 1910இல் இத்தாலிய வழக்கறிஞர் சேசரே ரிச்சோனியை மணந்து வியரெஜ்ஜோ கடற்கரையில் குடியேறினார். 1920வாக்கில் ஆபெரா மேடையை விட்டுத் தனிக் கச்சேரிகளுக்கு வந்தார். அக்கச்சேரிகளில் பல மொழிப் பாடல்களுக்கு நடுவே உக்ரைனிய நாட்டுப்பாடல்களையும் விடாமல் பாடினார் என்பதைப் படிக்கும்போது, இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைக்காக 1940களில் நடத்திய முயற்சி எனக்கு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

தெர்னோப்பிலில் படித்தவள்:

வணக்கம். டீச்சர் குறிப்பிட்ட அக்கா நான்தான். தங்கை இணைப்பை அனுப்பினாள்.

தெர்னோப்பிலில் அவருக்குச் சிலை உண்டு. விடுதியிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும்போது அதைக் கடந்து போவேன். யார் என்று தெரிந்துகொள்ளவே இரண்டு ஆண்டுகள் ஆயின. வார்டில் ஒரு வயதான நோயாளி என் பெயரைச் சொல்லத் திணறியபோது, நான் அவருடைய பெயரைத் திணறிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சொலோமியாவின் பெயரை இத்தாலியர்களும் சொல்ல முடியாமல் குருஷெனிஸ்கி என்று சுருக்கிக்கொண்டார்கள் என்றார். அப்படித்தான் கேட்டறிந்தேன்.

லிவிவுக்கு ஒருமுறை போனபோது ஆபெரா மாளிகையை வெளியிலிருந்து பார்த்தேன். அது 1900இல் கட்டி முடிக்கப்பட்டது. 2000இல் அதற்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அவருடைய பிற்கால வாழ்க்கையை யாரும் இங்கே சொல்லவில்லை. கணவர் 1936இல் இறந்த பிறகு, 1939 ஆகஸ்டில் உறவினரைப் பார்க்க லிவிவுக்கு வந்தார். அடுத்த மாதம் போர் மூண்டு, நகரம் சோவியத் வசமாயிற்று. லிவிவில் அவருக்குச் சொந்தமாக இருந்த கட்டடம் அரசுடைமையாகி, ஒரு குடியிருப்பு மட்டும் அவருக்கு விடப்பட்டது. இத்தாலிக்குத் திரும்பவே இல்லை. 1944 முதல் லிவிவ் இசைக் கல்லூரியில் குரலிசை கற்பித்தார். பேராசிரியர் பட்டம் அவருக்கு வந்து சேர்ந்தது 1952இல், அவ்வாண்டு நவம்பர் 16 அன்று காலமானார். லிசாகிவ் கல்லறைத் தோட்டத்தில் கவிஞர் இவான் ஃபிராங்கோவுக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அந்தக் குடியிருப்பு 1989 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

சில நாள் ஊர் சுற்றிவரப் போய், பெட்டியோடு அங்கேயே நின்றுபோனவர் என்பதுதான் 2022க்குப் பிறகு எனக்கு அவரிடம் ஒட்டிக்கொண்டது. நான் எதிர்ப்பக்கமாக, பெட்டியை விட்டுவிட்டுப் போலந்து எல்லைக்கு நடந்தவள்.

தேவகோட்டை இசையாசிரியை:

அனைவருக்கும் நன்றி. பள்ளத்தூர் ஆச்சி சொன்ன கை வைக்கும் சாதகத்தை நேற்று மாலை வகுப்பில் செய்து பார்த்தோம். பிள்ளைகளில் பெரியவளை முகப்பில் நிறுத்தி, விலாவில் கை வைத்து, ‘ஆ’காரத்தில் பஞ்சமம் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் வளவைத் தாண்டி இரண்டாங்கட்டில் போய் நின்றேன். முதல் இரண்டு முறை தூணோடு நின்றுவிட்டது. மூன்றாம் முறை தோளை இறக்கிக்கொண்டு அவள் மெல்லத்தான் பாடினாள். அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இந்தப் பெண்ணை அவளுடைய தாயார் விருப்பப்படி ஐந்தரைக் கட்டையில் பாடவைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ஐந்துக்கு இறக்கிவிட்டேன். மேல்ஸ்தாயியை ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தாயாரிடம் இன்று பேச வேண்டும்.

காரைக்குடி அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தத் தட்டு என்றாவது கைக்குக் கிடைத்தால், எங்கள் வீட்டில் சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது.