1997 மாருதி 800: மேல் ஹோஸ் மட்டும் மாற்றினால் போதுமா?

வெள்ளை800_ஈரோடு:

வணக்கம். அப்பா வாங்கிய வண்டி, 1997 மாடல், கார்புரேட்டர். அப்பா போன பிறகு இரண்டு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். அம்மா பிறந்தது வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில். பொங்கல் லீவில் இந்த வண்டியிலேயே அம்மாவை அங்கே கூட்டிப் போக வேண்டும் என்று ஆசை. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு, அதனால்தான் கேட்கிறேன்.

போன வாரம் பானெட்டைத் திறந்தபோது மேல் ரேடியேட்டர் ஹோஸ் கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஹோஸை அமுக்கினால் பழுத்த கொய்யா போலக் கொழகொழவென்று இருக்கிறது. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உள்ள பாட்டிலில் வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குறைகிறது. மெக்கானிக்கிடம் காட்டினேன். கிளிப்பை இறுக்கிவிட்டு, "இப்போதைக்கு ஓடும், வேண்டுமானால் மேல் ஹோஸை மட்டும் மாத்திக்கலாம்" என்றார். அது போதுமா? வீட்டிலேயே நானே மாற்ற முடியுமா?

மலைப்பாதை:

கிளிப்பை இறுக்கியதை நம்பி மலை ஏறாதீர்கள் நண்பரே. இளகிப்போன ரப்பரை இறுக்க இறுக்க கிளிப் அதை அறுக்கத்தான் செய்யும். இரண்டு ஹோஸையும் மாற்றுங்கள், கிளிப்பும் புதுசு போடுங்கள்.

பொள்ளாச்சி_பட்டறை:

தம்பி, பொள்ளாச்சியில் 26 வருடம் பட்டறை வைத்திருந்தேன். மலையில் நின்றுபோன வண்டிகளை இழுத்து வந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். மேல் ஹோஸ் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். உங்களுக்கு என் கவலை கீழ் ஹோஸ்தான்.

இன்ஜினில் சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. ஆறிய தண்ணீரை பம்ப் கீழ் ஹோஸ் வழியாக உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கம் என்பதால் ரப்பர் இளகியிருந்தால் ஸ்ட்ரா உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்வது போல ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். நின்ற இடத்தில் வண்டி நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது கியரில் மிதித்து ஏறும்போதுதான் ஒட்டும், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறும். ஓரங்கட்டி பானெட்டைத் திறப்பதற்குள் ஹோஸ் பழையபடி உப்பிவிடும். காரணம் தெரியாமல் ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

இன்னொன்று, ஹோஸ் உள்ளிருந்துதான் வெடிக்கும். வெளியே பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது கிளிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்து அமுக்குங்கள், பிறகு நடுவில் அமுக்குங்கள். முனை நடுவைவிட மெத்தென்று இருந்தாலோ, உள்ளே நறநறவென்று சத்தம் கேட்டாலோ ஆயுள் முடிந்தது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு சின்ன ஹோஸும் அதே வயசுதான், அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யலாம். வண்டி முழுக்க ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும், இதில் அவசரமே கூடாது. பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டு வராது. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் ரேடியேட்டர் கழுத்து போய்விடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள். கழுத்தை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். புது ஹோஸ் ஏற கிரீஸோ ஆயிலோ தடவக் கூடாது, ரப்பர் ஊறிவிடும். கொஞ்சம் கூலண்ட் (இன்ஜினை ஆற்றும் திரவம்) தடவினாலே வழுக்கிக்கொண்டு போகும். கிளிப் கழுத்தின் விளிம்பு மேட்டைத் தாண்டி உட்பக்கம் உட்கார வேண்டும், மேட்டின் மேலேயே இறுக்கினால் ஒழுகும்.

கடைக்குப் பழைய ஹோஸைக் கையோடு கொண்டுபோய் வளைவை ஒப்பிட்டு வாங்குங்கள். நேர் ஹோஸை வளைத்து மாட்டினால் மடிப்பு விழும். மூடியையும் மாற்றுங்கள், அதில் பொறித்திருக்கும் அதே எண்ணில். 0.9 என்றால் மூடி தாங்கும் அழுத்தம் 0.9 பார், அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடி தளர்ந்தால் 100-லேயே கொதிக்கும், வால்பாறை உயரத்தில் அதற்கும் முன்னாலேயே.

கூலண்ட் ஊற்றியதும் ஹீட்டர் லிவரைச் சூட்டுப் பக்கம் தள்ளி, மூடி போடாமல் ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை ஊற்றுங்கள். உள்ளே காற்று அடைத்து ஏர் லாக் ஆகியிருந்தால் புது ஹோஸ் போட்டும் பயனில்லை. இறக்கிய கூலண்டைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய் செத்துவிடும்.

கூலண்ட்_கேள்வி:

இத்தனை நாள் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? ஈரோட்டு போர் தண்ணீர் என்றால் உள்ளே உப்பு படிந்திருக்கும். பழையதை முழுக்க இறக்கி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

வெள்ளை800_ஈரோடு:

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மதியம் முடித்தேன். அப்பா எப்போதும் போர் தண்ணீர்தான் ஊற்றுவார். நான்கு தடவை கழுவிய பிறகுதான் தெளிவாக வந்தது.

பட்டறை அண்ணா, நீங்கள் சொன்னது சரி. மேல் ஹோஸ் இளகியிருந்தாலும் உள்ளே கிழியவில்லை. கீழ் ஹோஸ் வெளியே கறுப்பாக நன்றாக இருந்தது. கீறிப் பிரித்தால் இன்ஜின் பக்க முனையில் உட்புறம் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு, ரப்பருக்குள் இருக்கும் நூல் தெரிகிறது. மேல் ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. மிகவும் நன்றி அண்ணா.

ஒரு சந்தேகம். இன்று காலை கீழ் கிளிப்பின் அடியில் ஒரே ஒரு சொட்டு நிற்கிறது. நேற்று சூடாக இருந்தபோது ஒன்றும் இல்லை.

பொள்ளாச்சி_பட்டறை:

பயப்படாதே தம்பி. புது ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கி உட்காரும், அதனால் காலைக் குளிரில் சொட்டும். ஆறியிருக்கும்போதே கிளிப்பை அரைச் சுற்று இறுக்கு, அதற்கு மேல் வேண்டாம். சித்தோடு வரை ஒரு முறை போய்வந்து, மறுநாள் காலை துடைத்துப் பார். காய்ந்திருந்தால் கிளம்பலாம். மலைப்பாதையில் அட்டகட்டி தாண்டி ஒரு இடத்தில் நிறுத்தி பாட்டில் அளவைப் பார், ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.