மாமாவின் குரல் கேசட்டில் வேகமாக ஓடுகிறது, எப்படிச் சரிசெய்வது?

என் மாமனார் போன வருடம் இறந்துவிட்டார். அவர் தன் இளமைக் கதைகளைச் சொல்லிப் பதிவு செய்த ஒரு சி-90 கேசட் மட்டும்தான் அவர் குரலாக எங்களிடம் இருக்கிறது. பேட்டரியில் ஓடும் சிறிய ரெக்கார்டரில் பதிந்தது. பேட்டரி தீரத் தீர, பதியும்போது டேப் மெதுவாக ஓடியிருக்க வேண்டும், அதை இப்போது வழக்கமான வேகத்தில் போட்டால் முதல் பக்கத் தொடக்கத்தில் குரல் சரியாக இருக்கிறது, போகப்போக கீச்சுக் குரலாகி வேகமெடுக்கிறது. நிதானமாகப் பேசுகிற மனிதர் அவர். "இது அவரே இல்லை" என்று மாமியார் பாதியில் எழுந்து போய்விட்டார்.

வேறு டெக்கில் போட்டும் அப்படியேதான், அதனால் பிளேயரில் கோளாறு இல்லை. ஹெட்டை (டேப்பைப் படிக்கும் பாகம்) சுத்தம் செய்து, 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகக் கணினியில் ஏற்றிவிட்டேன். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் மொத்தமாக வேகத்தைக் குறைத்தால் தொடக்கம் இழுவையாகிறது. அதிலேயே வேகத்தைப் படிப்படியாக மாற்றும் ஸ்லைடிங் ஸ்ட்ரெச் வசதியையும் பார்த்தேன். அது ஒரே சீராக மாற்றுகிறது, டேப்போ நடுவில் கொஞ்சம் தேறி மறுபடி வேகமெடுக்கிறது (ரெக்கார்டரை நிறுத்தி வைத்த நேரத்தில் பேட்டரிக்குச் சற்று உயிர் வந்திருக்கும்).

ஒரு நல்ல விஷயம், பின்னணியில் சுவர்க் கடிகாரத்தின் டிக் சத்தம் முழுக்கக் கேட்கிறது.

அந்த டிக்கை அளவாக வைத்து, வேகத்தையும் சுருதியையும் சேர்த்துத் துண்டு துண்டாகத் திருத்த எந்த மென்பொருள் சரிப்படும்?